மின்கலத் தெளிப்பானைத் தேர்ந்தெடுக்கும் முறை

கிராமங்களில் இன்று வழங்கி வரும் சிறு கருவிகளுள், தெளிப்பானைப் போலப் பலவகை வேலைகளுக்கு உதவுவது வேறொன்றில்லை எனலாம். வயலில் பூச்சிமருந்து அடிப்பதற்கும், தெருவில் கிருமிநாசினி தெளிப்பதற்கும், நீர்த்தேக்கங்களில் கொசுப் புழுக்களை அழிப்பதற்கும் அது பயன்படுகிறது. அண்மைக் காலமாக, திருமண மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் விரிப்புகளைச் சுத்தம் செய்யும் தொழிலுக்கும் அது இன்றியமையாத கருவியாகிவிட்டது.

1953ஆம் ஆண்டில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்தடிக்கக் கையால் இயக்கும் பம்புகளே கிடைத்தன. ஒருவர் பம்பை இயக்க, மற்றொருவர் குழலைப் பிடித்துத் தெளிப்பது அக்கால வழக்கம். பின்னர் முதுகில் சுமந்துகொண்டு ஒரு கையால் நெம்புகோலை இயக்கும் கைத்தெளிப்பான் பரவிற்று. இப்பொழுது அந்நெம்புகோலின் வேலையைச் சிறியதொரு மின்மோட்டார் செய்கிறது. இக்கருவியையே கடைகளில் ‘பேட்டரி ஸ்பிரேயர்’ என்று கூறுகிறார்கள்.

பண்ணுருட்டிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சியையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் எடுத்துக்கொண்டால், கரும்பு, நெல், காய்கறி ஆகியவற்றைப் பயிரிடும் விவசாயிகள் பலர் இக்கருவியை வாங்கியிருக்கிறார்கள். ஊராட்சிகளும் துப்புரவுப் பணிக்காக வாங்குகின்றன. நெய்வேலி நகரியம், கடலூர், பண்ணுருட்டி ஆகிய ஊர்கள் அருகிலிருப்பதால், விரிப்புகளைச் சுத்தம் செய்யும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் இதனைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

ஆனால் விலை குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வாங்கப்பட்ட கருவிகள் ஓராண்டுக்குள் மூலையில் ஒதுக்கப்படுவதையும் காண்கிறோம். எந்த வேலைக்கு எத்தகைய தெளிப்பான் வேண்டும், அதை எவ்வாறு சோதித்து வாங்குவது, வாங்கிய பின் எவ்வாறு பேணுவது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் கூறுவோம்.

தெளிப்பானின் உறுப்புகள்

மின்கலத் தெளிப்பானில் ஆறு முக்கியமான உறுப்புகள் உள்ளன. முதலாவது, கரைசலை ஏற்கும் கலம். இது பெரும்பாலும் 16 லிட்டர் கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் தொட்டியாகும். இரண்டாவது, 12 வோல்ட் மின்கலம். மூன்றாவது, மின்மோட்டாருடன் இணைந்த சவ்வுப் பம்பு. மோட்டார் சுழலும்போது ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து கரைசலை உறிஞ்சித் தள்ளுகிறது. நான்காவது, அழுத்த விசை. கைப்பிடியை மூடியவுடன் குழாயில் அழுத்தம் உயரும். குறிப்பிட்ட அளவை எட்டியதும் இவ்விசை மோட்டாரை நிறுத்திவிடும். ஐந்தாவது, ரப்பர்க் குழாயும் தெளிகுழலும். ஆறாவது, குழலின் நுனியிலுள்ள நாசில்.

இவ்வாறனுள் விலை மிகக் குறைந்தது நாசில். ஆனால் வேலையின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பதும் அதுவே. துளி பெரிதா சிறிதா, வீச்சு வட்டமா தட்டையா, நிமிடத்திற்கு எவ்வளவு கரைசல் வெளிவருகிறது என்பன எல்லாம் நாசிலைப் பொறுத்தவை. அடுத்தபடியாகக் கருவியின் ஆயுளை நிர்ணயிப்பவை, பம்பிலும் கைப்பிடியிலும் உள்ள சிறு ரப்பர் வளையங்களாகும். கடைக்காரர் மின்கலத்தையும் மோட்டாரையும் பற்றி விரிவாகப் பேசுவார்; ரப்பர் வளையம் எந்தப் பொருளால் ஆனது என்பதை நாமே கேட்டறிய வேண்டும்.

வேலையே அளவுகோல்

‘நல்ல தெளிப்பான் எது?’ என்று கேட்பதைவிட, ‘என் வேலைக்குப் பொருந்தும் தெளிப்பான் எது?’ என்று கேட்பதே முறையாகும். வயல், தெரு, மண்டபம் என்ற மூன்று இடங்களிலும் கருவி வெவ்வேறு விதமான சோதனைக்கு உள்ளாகிறது. வயலில் மின்கலம் சோதிக்கப்படுகிறது. தெருவில் உலோகப் பாகங்கள் சோதிக்கப்படுகின்றன. மண்டபத்தில் ரப்பர் வளையங்களும் கருவியின் தூய்மையும் சோதிக்கப்படுகின்றன.

வயல்வெளிக்கு

நெற்பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 200 லிட்டர் கரைசல் தெளிப்பதாக வைத்துக்கொள்வோம். 16 லிட்டர் தொட்டியை ஏறக்குறைய 13 முறை நிரப்ப வேண்டும். நாசில் நிமிடத்திற்கு 1 லிட்டர் வெளியிட்டால், தெளிக்கும் நேரம் மட்டும் 200 நிமிடங்கள், அதாவது 3 மணி 20 நிமிடங்கள் ஆகும். மோட்டார் சராசரியாக 2.5 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டால், இவ்வளவு நேரத்திற்கும் 8.3 ஆம்பியர்-மணி தேவைப்படும். ஆகவே 8 ஆம்பியர்-மணி என்று பொறிக்கப்பட்ட மின்கலம் ஓர் ஏக்கரை முடிக்காமலேயே ஓய்ந்துவிடும். 12 ஆம்பியர்-மணி மின்கலமே அதற்குப் போதுமானது. வாங்கும் முன்பு இக்கணக்கை ஒவ்வொருவரும் தம் நிலத்தின் அளவுக்கேற்பப் போட்டுப் பார்ப்பது நன்று.

மின்கலத்தில் இருவகை உண்டு. ஈய-அமில மின்கலம் விலை குறைந்தது. ஆனால் எடை மிகுந்தது. அடிக்கடி முழுவதும் வற்றவிட்டால் அதன் ஆயுள் விரைவில் குறையும். லித்தியம் மின்கலம் விலை கூடியது, எடை குறைந்தது, பலமுறை மின்னேற்றத்தைத் தாங்கும். எனினும் அதனுள் பாதுகாப்புச் சுற்று அமைந்திருக்க வேண்டும். அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறொன்றை இணைத்தல் கூடாது. நிறைந்த தொட்டியின் நீர் மட்டுமே 16 கிலோ எடையாகும். கருவியின் எடையும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேற்போகும். சேற்றில் நடந்து நாள் முழுவதும் சுமப்பவருக்கு இரண்டு கிலோ குறைந்தாலும் பெரிய உதவியே. பெண்கள் சுமக்க வேண்டிய இடங்களில் 10 அல்லது 12 லிட்டர் தொட்டியே ஏற்றது.

பூச்சி, பூஞ்சாண மருந்துகளுக்குக் குவி கூம்பு வடிவில் தெளிக்கும் நாசிலும், களைக்கொல்லிக்குத் தட்டையாக விசிறும் நாசிலும் வேண்டும். களைக்கொல்லித் துளி மிக நுண்ணியதாக இருந்தால், காற்றில் மிதந்து அடுத்தவர் பயிரின் மேல் விழும். கரும்புத் தோட்டத்தில் பயன்படுத்தப்படும் 2,4-டி களைக்கொல்லி, பருத்தி, தக்காளி, கத்தரி முதலிய அகன்ற இலைப் பயிர்களை மிகச் சிறு அளவிலேயே கெடுக்க வல்லது. ஆகையால் களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே சிறந்தது.

மற்றொன்றையும் இங்கே கூற வேண்டும். பண்ணுருட்டிப் பகுதியில் முந்திரி மரங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி பெருஞ்சேதம் விளைவிக்கிறது. உயர்ந்த மரத்தின் உச்சிக்கு மருந்தை அனுப்பும் ஆற்றல் முதுகில் சுமக்கும் மின்கலத் தெளிப்பானுக்கு இல்லை. அதற்கு உயரழுத்தம் தரும் விசைத் தெளிப்பானோ, கால்களால் இயக்கும் தெளிப்பானோதான் பொருந்தும். இவ்விஷயத்தில் விருத்தாசலத்திலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், கரும்பு பற்றிக் கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தையும் விவசாயிகள் அணுகி யோசனை பெறலாம்.

ஊராட்சிப் பணிக்கு

2015ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய வெள்ளத்தின் பின்னரும், 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்று பரவியபோதும், கிருமிநாசினி தெளிப்பது ஊராட்சிகளின் அன்றாட வேலையாயிற்று. இவ்வேலைக்குப் பயன்படும் பிளீச்சிங் பவுடரும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் உலோகத்தை அரிக்கும் தன்மையுடையவை. பித்தளை நாசிலும் இரும்புத் தெளிகுழலும் சில மாதங்களில் பச்சையும் துருவும் ஏறிப் பாழாகும். எனவே ஊராட்சிப் பணிக்கு பிளாஸ்டிக் அல்லது பீங்கான் நுனியுடைய நாசிலும், பிளாஸ்டிக் தெளிகுழலுமே வேண்டுமெனக் கொள்முதல் குறிப்பில் எழுத வேண்டும்.

பிளீச்சிங் பவுடரைக் கலத்தில் நேரே கொட்டுவது பெருந்தவறு. வேறொரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை வைத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் துணியால் வடிகட்டி ஊற்ற வேண்டும். இல்லாவிடில் சுண்ணாம்புத் துகள் பம்பின் வால்வுகளில் அடைந்து கருவி நின்றுவிடும். வேலை முடிந்ததும் நல்ல நீரால் ஓட்டிக் கழுவுதல் அவசியம்.

கிருமிநாசினியை மனிதர் மீது தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே அறிவுறுத்தியது. அவ்வாறு தெளிப்பதால் கண்ணும் தோலும் மூச்சுக்குழலும் பாதிக்கப்படுமேயன்றி நன்மை ஏதுமில்லை. பிளீச்சிங் கரைசலுடன் கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் நச்சுவாயு எழும் என்பதையும் ஒவ்வொரு துப்புரவுப் பணியாளருக்கும் சொல்லி வைப்பது ஊராட்சித் தலைவரின் கடமையாகும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுகிறது. அத்தகைய இடங்களில் புழுக்கொல்லி தெளிக்கும் கருவியையும் கிருமிநாசினித் தெளிப்பானையும் தனித்தனியே வைத்து, கலத்தின் மேல் அழியாத வண்ணத்தால் பெயர் எழுதிவிட வேண்டும்.

விரிப்புகளைச் சுத்தம் செய்யும் தொழிலுக்கு

இத்தொழில் நம் கிராமத்தாருக்குப் புதிது. ஆதலின் இதைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

விரிப்பைச் சுத்தம் செய்யும் முறை ஐந்து படிகளைக் கொண்டது. முதலில் தூசியை உறிஞ்சு கருவியால் நீக்க வேண்டும். இரண்டாவதாக, சோப்புக் கரைசலைத் தெளிப்பானால் சீராகத் தெளிக்க வேண்டும். மூன்றாவதாக, அது அழுக்கை இளக்கும்பொருட்டுப் பத்து, பதினைந்து நிமிடங்கள் விட்டு, பின்பு மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். நான்காவதாக, நீரை விட்டு அழுக்குடன் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஐந்தாவதாக, மின்விசிறியால் நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் நாற்றமும் பூஞ்சாணமும் தோன்றும்.

இவற்றுள் இரண்டாவது படியே தெளிப்பானின் வேலை. ஒரு லிட்டர் கரைசல் பொதுவாக 50 முதல் 100 சதுர அடி வரை போதுமாகும். 1,000 சதுர அடி மண்டபத்திற்கு 10 முதல் 20 லிட்டர் கரைசல் செலவாகும். அதாவது ஒரு தொட்டி, மிஞ்சினால் இன்னொரு தொட்டியின் சிறு பகுதி. ஆகவே இங்கே பெரிய மின்கலம் தேவையில்லை. 8 ஆம்பியர்-மணி மின்கலமே ஒரு நாளில் பல அறைகளுக்குப் போதும். கம்பியை இழுக்காமல் ஈரத்தரையில் வேலை செய்யலாம் என்பது மின்கலத் தெளிப்பானின் தனிச் சிறப்பாகும். உறிஞ்சு கருவியை மின்சாரத்தில் இணைக்கும்போதோ, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை அவ்வளாகத்தில் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இத்தொழிலில் கருவியைக் கெடுப்பது ரசாயனப் பொருளே. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் சோப்புக் கரைசல்கள் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. கறை நீக்கும் சிலவகைக் கரைசல்களில் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் கலந்திருக்கும். காரத்தைத் தாங்கும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர், இவ்வெண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். எண்ணெயைத் தாங்கும் வைட்டான் என்னும் ரப்பர், கடுங்காரத்தில் நாளடைவில் கெடும். எல்லாவற்றையும் தாங்கும் ரப்பர் ஒன்றே ஒன்று என்று நம்புவது தவறு. எந்தக் கரைசலைப் பெரும்பாலும் பயன்படுத்தப் போகிறோமோ அதை முதலில் முடிவு செய்து, அதைத் தாங்கும் வளையமுடைய பம்பைக் கேட்க வேண்டும். உதிரி வளையங்கள் ஒரு தொகுதியையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாசில் தட்டையாக விசிறுவதாக இருக்கட்டும். அழுத்தம் குறைவாக, ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ அளவில் இருந்தால் போதும். அழுத்தம் மிகுந்தால் கரைசல் பனிபோலாகி, மூடிய அறையில் வேலை செய்பவரின் மூச்சுடன் உட்செல்லும். சுவரிலும் மரச்சாமான்களிலும் படியும். ஆதலால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு அமைந்த கருவியே இதற்கு ஏற்றது.

விரிப்பின் வகையையும் அறிந்திருக்க வேண்டும். கம்பளி விரிப்பிற்குக் கடுங்காரம் ஆகாது. பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்புகளில் சாயம் கசியக் கூடும். ஆகையால் ஓர் ஓரத்தில் சில துளிகளைத் தெளித்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்த பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். பத்தமடைப் பாய் போன்ற கோரைப் பாய்களை நனைக்கவே கூடாது. கயிற்று விரிப்புகளுக்கும் உலர்முறைத் துடைப்பே நல்லது. குளோரின் கலந்த எதனையும் வண்ண விரிப்புகளின் அருகே கொண்டு செல்லுதல் ஆகாது.

ஒரே கருவி மூன்று வேலைக்கும் ஆகுமா?

இக்கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். காலையில் வயலில் மருந்தடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டு மாலையில் மண்டபத்திற்கு எடுத்துச் செல்லலாமே, செலவு மிச்சமாகுமே என்பது அவர்கள் எண்ணம். இது ஒருபோதும் கூடாது என்பதைத் திட்டவட்டமாகக் கூறுகிறோம்.

பூச்சிமருந்து, தொட்டியின் பிளாஸ்டிக்கிலும் குழாயின் ரப்பரிலும் ஊறி நிற்கும். மூன்று முறை கழுவினாலும் முற்றிலும் நீங்கிவிட்டதென்று உறுதி கூற இயலாது. மண்டபத்து விரிப்பின் மேல் கைக்குழந்தைகள் தவழ்கின்றன. முதியோர் அமர்ந்து உண்கின்றனர். அவ்விடத்தில் வயலின் நஞ்சைச் சிறிதளவேனும் தெளிப்பது குற்றமாகும். எதிர்ப்புறமாகவும் இது பொருந்தும். விரிப்புச் சோப்பின் எச்சம் தொட்டியில் இருந்தால் சில மருந்துகளின் வீரியம் கெடும். பயிரின் இலை கருகவும் கூடும். ஆகவே வேலைக்கொரு கருவி என்பதே விதி. நிறத்தாலோ எழுத்தாலோ அவற்றை வேறுபடுத்தி, வேறு வேறு இடங்களில் வைத்துப் பூட்டுதல் வேண்டும்.

கடையிலேயே செய்யத்தக்க சோதனை

பட்டியலைப் பார்த்தும் பெட்டியைப் பார்த்தும் கருவி வாங்கக் கூடாது. ஒரு வாளி, ஓர் அளவுக் குவளை, ஒரு கடிகாரம், ஒரு பழைய செய்தித்தாள் ஆகிய நான்கும் இருந்தால், கருவியின் தரத்தைக் கடையிலேயே அறியலாம்.

1. தொட்டியில் நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னும் பக்கவாட்டிலும் குனிந்து பார்க்க வேண்டும். மூடியில் கசிந்தால் அந்த நீர் நாளை மருந்தாக நம் முதுகில் வழியும்.

2. கருவியைச் செய்தித்தாளின் மேல் வைத்து, கைப்பிடியை மூடியபடி மோட்டாரை ஓட்ட வேண்டும். சில விநாடிகளில் மோட்டார் தானே நிற்க வேண்டும். நின்ற பின் மீண்டும் மீண்டும் தானாக ஓடி நின்றால், எங்கோ கசிவு இருக்கிறது என்பது பொருள். செய்தித்தாளில் ஈரம் பட்ட இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

3. நாசிலை வாளிக்குள் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டி, வெளிவந்த நீரை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும்.

4. இயன்றால் ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். முதலில் வந்ததைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், மின்கலம் வலுவற்றது. வயலின் முதற்பகுதியில் மருந்து கூடியும் கடைசிப் பகுதியில் குறைந்தும் விழுவதற்கு இதுவே காரணம்.

5. தொட்டியின் வாயிலும், உறிஞ்சு குழாயிலும், கைப்பிடி அல்லது நாசிலிலும் வடிகட்டிகள் உள்ளனவா, அவற்றைக் கருவியின்றிக் கையாலேயே கழற்றிக் கழுவ முடியுமா என்று பார்க்க வேண்டும்.

6. தோள்பட்டை அகலமாகவும் மெத்தென்றும் உள்ளதா, தொட்டியில் லிட்டர் அளவுகள் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளனவா, மின்விசை நீர் படாத இடத்தில் உள்ளதா என்பனவும் பார்க்கத் தக்கவை.

வேகத்தைக் கூட்டினால் தெளிப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதுவன்று. நாசில் வழியாக வரும் நீரை இரு மடங்காக்க, அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகையால் அதிகக் கரைசல் வேண்டுமானால் நாசிலை மாற்ற வேண்டுமேயன்றி, மோட்டாரை வருத்துதல் முறையாகாது.

மலிவும் சிக்கனமும்

மலிவு வேறு, சிக்கனம் வேறு. எடுத்துக்காட்டாக, ஒரு கருவி 2,500 ரூபாய் என்றும் ஓராண்டே உழைக்கும் என்றும், மற்றொன்று 4,500 ரூபாய் என்றும் நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். இரண்டாவதற்கு இடையில் ஒருமுறை மின்கலம் மாற்ற 1,500 ரூபாய் செலவானாலும், நான்கு ஆண்டுகளுக்கு 6,000 ரூபாயே ஆகிறது. முதல் வகைக்கு 10,000 ரூபாய் ஆகிவிடுகிறது. பருவத்தில் கருவி நின்றுபோவதால் விளையும் நஷ்டம் இக்கணக்கில் சேரவில்லை.

எனவே விலையைக் கேட்கும் முன்பு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பம்பு, சவ்வு, வளையம், சார்ஜர் ஆகிய உதிரிப் பாகங்கள் கடலூரிலோ பண்ணுருட்டியிலோ கிடைக்குமா? பழுது பார்ப்பவர் யார்? மின்கலத்திற்கும் மோட்டாருக்கும் தனித்தனியே எத்தனை மாத உத்தரவாதம்? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கடையில் வாங்காதிருப்பது நலம்.

ஊராட்சி அங்கத்தினர்கள், கொள்முதல் தீர்மானத்தில் ‘தெளிப்பான் ஒன்று’ என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. கொள்ளளவு, மின்கலத்தின் வகையும் ஆம்பியர்-மணியும், நாசிலின் பொருள், ரப்பர் வளையத்தின் வகை, உத்தரவாதக் காலம், உதிரிப் பாகங்கள் ஆகிய அனைத்தையும் குறிப்பிட வேண்டும். குறிப்பு தெளிவாக இருந்தால்தான் குறைந்த விலைப்புள்ளி என்பதற்கு அர்த்தம் உண்டு. கொள்முதல் விதிகளின்படியே வாங்கி, பொருள் வந்ததும் மேற்கூறிய வாளிச் சோதனையை அங்கத்தினர் இருவர் முன்னிலையில் நடத்தி, அதன் பின்பே பட்டியலை ஏற்றுக்கொள்வது உத்தமம். விவசாயிகள், அவ்வப்போது நடைமுறையிலுள்ள மானியங்களைப் பற்றி வேளாண்மைத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களிலும் ‘உழவன்’ செயலியிலும் தெரிந்துகொள்ளலாம்.

தெளிப்பவரின் உயிர்

கருவியின் ஆயுளைவிடப் பெரியது அதைச் சுமப்பவரின் ஆயுள். 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரம் வளர்ந்த பருத்திக்கு மருந்தடித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மின்கலத் தெளிப்பான் கைத்தெளிப்பானைவிட நுண்ணிய துளிகளை விரைவாகவும் இடைவிடாமலும் வெளியிட வல்லது. கையால் அடிக்கும்போது களைப்பு வந்து நிற்கும் மனிதன், மோட்டார் ஓடும்போது நிற்பதில்லை. உழைப்பு குறைந்தது போலவே எச்சரிக்கையும் குறைந்துவிடக் கூடாது.

கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகமூடி, காலணி ஆகியவை கருவியின் உறுப்புகளே என்று கருத வேண்டும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது. கடும் வெயிலில் தெளிக்கக் கூடாது. அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதுவது தற்கொலைக்கு ஒப்பாகும். மெல்லிய தூரிகையாலும் நீராலும் அதை நீக்க வேண்டும். கண்டபடி இரண்டு மூன்று மருந்துகளைக் கலத்தல் ஆகாது. மருந்துப் புட்டியின் மேலுள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறையும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்நிறங்களை அறிந்திருத்தல் வேண்டும். மயக்கமோ, வாந்தியோ, பார்வை மங்கலோ தோன்றினால் உடனே வேலையை நிறுத்தி, ஆடையை மாற்றி, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, 108 ஆம்புலன்ஸை அழைத்து, மருந்துப் புட்டியின் சீட்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூலிக்கு மருந்தடிப்பவர், தம் முதலாளியிடம் கையுறை கேட்பதற்குத் தயங்குவார். ஆதலால் கேட்கும் முன்பே கொடுப்பது நில உரிமையாளரின் கடமை. ஊராட்சிப் பணியாளர்களைப் பொறுத்தவரை அப்பொறுப்பு ஊராட்சியைச் சார்ந்தது.

பேணும் முறை

வேலை முடிந்ததும், வயலில் பயன்படும் தெளிப்பானை மூன்று முறை நல்ல நீரால் கழுவி, ஒவ்வொரு முறையும் அந்நீரைக் குழலின் வழியே ஓட்டி வெளியேற்ற வேண்டும். கழுவிய நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றருகிலோ விடாமல், மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும். பிறகு தொட்டியைக் கவிழ்த்து நிழலில் உலர வைக்கலாம்.

ஈய-அமில மின்கலத்தை வேலை முடிந்த அன்றே மின்னேற்றம் செய்ய வேண்டும். பருவம் முடிந்து கருவி சும்மா இருக்கும் காலத்திலும் மாதம் ஒருமுறை மின்னேற்றம் செய்யாவிட்டால், அடுத்த பருவத்தில் அது உயிரற்றுக் கிடக்கும். லித்தியம் மின்கலத்தைப் பாதி அளவு மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவைத்தல் ஆபத்தாகும். பழைய மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடமே திருப்பித் தர வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன.

மாதம் ஒருமுறை நாசிலின் ஒரு நிமிட அளவை எடுத்துக் கருவியின் மேலேயே எழுதி வைக்கலாம். புதிதாக இருந்தபோது வந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால், துளை தேய்ந்துவிட்டது என்று அறிந்து நாசிலை மாற்ற வேண்டும். சில ரூபாய் நாசிலை மாற்றாமையால் பல நூறு ரூபாய் மருந்து வீணாவதை இது தடுக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைச் சுருங்கச் சொன்னால், முதலில் வேலையை முடிவு செய்க. அதற்கேற்ப மின்கலமும் நாசிலும் ரப்பர் வளையமும் தேர்க. வாளியும் கடிகாரமும் கொண்டு சோதித்து வாங்குக. ஒரு வேலைக்குரிய கருவியை மற்றொன்றுக்கு எடுக்காதிருக்க. சுமப்பவருக்குக் காப்பு அளித்த பின்பே விசையைத் தட்டுக என்பவையே ஆகும்.

ஊராட்சி அங்கத்தினர்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் ஊராட்சியின் தெளிப்பான்களை வெளியே எடுத்து, எத்தனை இயங்குகின்றன, எத்தனை கசிகின்றன, பணியாளருக்குக் கையுறையும் முகமூடியும் உள்ளனவா என்று பார்வையிடுவார்களாக. விவசாய நண்பர்களும் அடுத்த மருந்தடிப்புக்கு முன்பு, வெறும் நீரை நிரப்பித் தங்கள் கருவியை ஒருமுறை சோதிப்பார்களாக. அரை மணி நேரத்தில் முடியும் இச்சிறு வேலையால் பயிரும் பணமும், அவற்றினும் அரிய மனித உயிரும் காக்கப்படும்.